ஒரு கையால் திறக்கிற கத்தி

காலை ஒன்பது மணி, விழுப்புரம் புதுப் பேருந்து நிலையம். வேளாங்கண்ணி, ரோமாபுரி என்று போய்வந்து எழுதுகிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எழுதப்போவது திண்டிவனம் வரைக்கும் போய்வந்த கதை. தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டோல்கேட்டில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். போன காரியம் ஒரு மடக்குக் கத்தி வாங்குவது. விலை குறைவாக இருக்க வேண்டும், உருப்படியாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே கத்தியில் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டால், இப்போது பதில் சொல்லத் தெரியும். அன்று காலை தெரியாது.

என்னோடு வந்தவர் என் வீட்டுக்காரர் சேவியர். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. இடது கால் ஓரளவுக்குத் திரும்பிவிட்டது, இழுத்து இழுத்து நடப்பார். இடது கை திரும்பவில்லை. முழங்கையில் மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. விரல்களுக்கு எதையும் பிடிக்கிற தெம்பு இல்லை. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும்? அவர் என் வீட்டுக்காரரை அதற்கு முன்னால் பார்த்ததில்லையே.

இந்த மனிதர் சண்டைக்காரர். சில்லறைக்குச் சண்டை, படிக்கட்டில் தொங்குகிறவனோடு சண்டை, வீட்டுக்கு வந்தால் என்னோடு சண்டை. குழம்பில் புளி தூக்கல் என்று ஆரம்பித்தால், என் அண்ணன் கல்யாணத்தில் அவருக்கு மோர் கிடைக்காததில் போய் முடியும். நானும் சளைத்தவள் இல்லை. நேருஜி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் தையற்கடை வைத்திருக்கிறேன். காலையில் கடைக்குப் போகும்போது விட்ட இடத்திலிருந்து இரவு வந்து தொடருவேன். அப்படிப்பட்டவர் இந்த எட்டு மாதமாக ஒரே வார்த்தைதான் பேசுகிறார்: "சரி." இட்லி ஆறிப்போச்சு என்றால் சரி. ஃபேன் ஓடவில்லை என்றால் சரி. ஒரு நாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பைக் கொட்டி வைத்தேன். குடித்துவிட்டு, "சரிம்மா" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

இதில் கத்தி எங்கே வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கண்டக்டர் பையில் அவர் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி வைத்திருப்பார். வேலை முடிந்து வரும்போது கொய்யாவோ மாங்காயோ வாங்கி வருவார். என் கடைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, கத்தியை விரித்து, துண்டு போடுவார். முதல் துண்டு கத்தி முனையில் குத்தி எனக்கு வரும். கல்யாணமான நாளிலிருந்து நான் என் கையால் ஒரு பழம் அறுத்ததில்லை. பக்கவாதம் வந்தபிறகு எங்கள் வீட்டில் பழம் வாங்குவது நின்றுபோனது. போன மாதம் ஒரு மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு வந்தபோது, அவர் அந்தப் பழைய கத்தியைப் பல்லால் கடித்து விரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நகத்தை வைத்து இழுக்கிற கத்தி, இரண்டு கை வேண்டும். ஈறு கிழிந்து உதட்டில் ரத்தம். பக்கத்துத் தட்டில் ஒரு கொய்யா.

வீட்டில் வேறு கத்தி இல்லையா என்று கேட்பீர்கள். நானும் அன்று கேட்டேன், காய் நறுக்குகிற கத்தி அங்கேயே மேடையில்தானே கிடக்குது என்று. "அது உன் கத்தி" என்றார். எட்டு மாதத்தில் அவர் சொன்ன நீளமான பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து ஒரு கையால் விரிக்கிற கத்தி தேட ஆரம்பித்தேன். முதலில் போனில் பார்த்து வரவழைத்தேன். முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய். படத்தில் பளபளவென்று இருந்தது. வந்ததை நானே இரண்டு கையாலும் மல்லுக்கட்டித்தான் விரிக்க முடிந்தது. கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், எந்தக் கம்பெனியோடும் மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை. அவர் கட்டை விரலால் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்று மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார்.

பிறகு எம்.ஜி. ரோட்டில் பாத்திரக்கடை, அரிசிக்கடை வரிசையில் இருக்கிற சில்லறைக் கடைகளில் கேட்டேன். நாற்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் பிடி, அலகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. என் பையில் இருந்த மெல்லிசு மல் துணியில் இழுத்துப் பார்த்தேன், வெட்டாமல் துணியைச் சுருட்டிக்கொண்டது. முப்பது வருஷமாகக் கத்திரிக்கோல் பிடிக்கிறவள் நான். வெட்டுகிற இரும்பு துணியில் இறங்கும்போது ஒரு சத்தம் வரும், அது இதில் வரவே இல்லை. இன்னொரு கடையில், "ஒரு கையால திறக்கற மாதிரி கத்தி இருக்குதா?" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பது வயது தாண்டிய பொம்பளை, கழுத்தில் ஜெபமாலை, கேட்பது ரௌடி சாமான். "உங்க வீட்ல பசங்க யாராச்சும் கேட்டாங்களாம்மா?" என்று மெதுவாக விசாரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அப்போதுதான் என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிற கூட்டேரிப்பட்டு பெண் ஒருத்தி, திண்டிவனத்தில் நேரு வீதிப் பக்கம் ஒரு பாய் கடை இருக்கிறது, விவசாயத்துக்கு, எலக்ட்ரீஷியனுக்கு, எல்லாவற்றுக்கும் கத்தி வைத்திருக்கிறார் என்று சொன்னாள்.

"திண்டிவனம் போலாமாங்க?" என்றேன்.

"சரி" என்றார்.

ஒன்பதே கால் வாக்கில் பஸ் கிளம்பியது. அவருக்கு ஓய்வுபெற்றவர் பாஸ், எனக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். முன்பெல்லாம் ஜன்னல் சீட்டுக்கு எங்களுக்குள் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். வெளியே கரும்பு நின்றது, நெல் அறுத்த வயலில் கொக்கு நின்றது. முண்டியம்பாக்கம் வந்ததும் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை பஸ் முழுக்க ஏறியது. அதே ஊரில் ரோட்டை ஒட்டி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில்தான் அவர் கிடந்தார். கட்டிடம் தெரிந்ததும் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவருடைய இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது என் மடியில் இருப்பது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் கொஞ்சம் நின்றது. கண்டக்டர் இளவட்டம். படிக்கட்டை அடைத்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுவார், சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டார். கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே வந்து, நிறுத்தத்தை விட்டு வெகுதூரம் தள்ளி நிறுத்தினார்கள். நான்தான் கத்தினேன்.

"ஏம்பா, ஸ்டாப்பு அங்க இருக்குது, இங்க எறக்கினா எப்படி? கால் முடியாத மனுஷரு வர்றாரு இல்ல?"

"பின்னாடி வண்டி நிக்குது, ஜல்தி எறங்குக்கா" என்றார் கண்டக்டர்.

"சரிப்பா" என்று என் வீட்டுக்காரர் இறங்கிவிட்டார். வேலையில் இருந்த காலத்தில் இப்படி நிறுத்திய டிரைவரோடு அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்.

திண்டிவனத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நாலா பக்கமும் ரோடு பிரிகிற ஊர். சென்னைக்கு, பாண்டிச்சேரிக்கு, செஞ்சிக்கு, மரக்காணத்துக்கு என்று எல்லோரும் வேறு எங்கோ போவதற்காகவே இங்கே வந்து நிற்பார்கள். இந்த ஊருக்கென்றே வந்து இறங்கியவர்கள் அன்று நாங்கள் இரண்டு பேர்தான் போலிருந்தது. மேம்பாலத்துக்குக் கீழே பூக்கடை, பழவண்டி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை வறுக்கிற புகை. ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கேட்டார்கள். அவர் நடந்தே வருகிறேன் என்று சைகை காட்டினார். நின்று நின்று போய்ச் சேர்ந்தோம்.

பாய் கடை அகலம் இல்லை, நீளம் அதிகம். முன்னால் மண்வெட்டி, கயிறு, பெயின்ட் டப்பா. கண்ணாடிப் பெட்டிக்குள் கத்திகள். பாய்க்கு என் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார்.

"பட்டன் கத்தியாம்மா? அதெல்லாம் நம்மகிட்ட கெடையாது. போலீஸ் பேஜாரு. யாராச்சும் எவனையாச்சும் குத்திட்டா, கடைக்காரன்தான் ஸ்டேஷன்ல போய் குந்தணும்."

"பட்டன்லாம் வேணாங்க. கட்டை வெரலால தள்ளினா தொறக்கணும், அவ்ளோதான்."

"எதுக்கும்மா அப்படி? ரெண்டு கையால தொறந்தா என்னா?"

இதற்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியாமல் போவது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவருக்கு ஒரு கை இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? "இல்லங்க, சும்மா..." என்று இழுத்தேன். பாயின் முகம் இறுகியது. போகலாம் என்று நான் திரும்பினேன்.

"எனக்குத்தான் பாய்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, வலது கையால் இடது கையைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். "இது வேலை செய்யாது. கொய்யாக்கா அறுக்கணும். இந்தம்மாவுக்கு."

அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் தலைக்கு மேல் தொங்கிய கயிற்றுக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாய் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு என்னாங்கண்ணே? குந்துங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உள்ளே போய் மூன்று அட்டைப் பெட்டிகளைத் தூக்கி வந்தார்.

நூற்று இருபது, நூற்று எண்பது, இருநூற்று அறுபது என்று மூன்று விலை. ஒவ்வொன்றையும் பாய் கண்ணாடி மேல் வைத்தார், அவர் அங்கிருந்து எடுத்தார். கையிலிருந்து கைக்குக் கத்தி கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், எங்களைப் போல் மாதா கோயிலுக்குப் போகிறவர் என்று எல்லோரும் வாக்குவாதம் இல்லாமல் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் எங்கள் பக்கத்தில் இதுதான். என் தையற்கடையிலும் கத்திரிக்கோலை மேசையில் வைத்தால்தான் அடுத்தவள் எடுப்பாள்.

நூற்று இருபது ரூபாய்க் கத்தியில் அலகின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. கட்டை விரலுக்கு அது எட்டியது, ஆனால் பாதியில் சிக்கிக்கொண்டது. நூற்று எண்பது வழுக்கிக்கொண்டு விரிந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, நானும் பர்ஸைத் திறந்துவிட்டேன். பாய்தான் தடுத்தார். "இருங்கம்மா." கத்தியைக் கண்ணாடி மேல் வைக்கச் சொல்லி எடுத்து, முனையை ஒரு மரத்துண்டில் வைத்து அழுத்தினார். பூட்டு வழுக்கி, அலகு பட்டென்று பிடிக்குள் திரும்ப மடிந்தது. "பாத்தீங்களா? வெரல் அங்க இருந்திச்சின்னா போச்சு. இத்த அட்டப்பெட்டி பிரிக்கிறவங்களுக்குத்தான் குடுப்பேன்."

இருநூற்று அறுபது ரூபாய்க் கத்தி கறுப்புப் பிடி. உள்ளே ஒரு தகடு நகர்ந்து வந்து, விரிந்த அலகைப் பின்னாலிருந்து தாங்கிக்கொள்கிறது. மரத்துண்டில் எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை. என் மல் துணியில் இழுத்தேன், அந்தச் சத்தம் வந்தது. எல்லாம் சரி, ஆனால் விரிக்க முடியவில்லை. அவர் தள்ளித் தள்ளிப் பார்த்துக் கட்டை விரல் சிவந்துபோனது. மெல்ல அதைக் கண்ணாடி மேல் வைத்தார். "சரி, போலாம்மே" என்றார்.

இந்தச் சரிக்கு எனக்கு வந்ததே கோபம். "என்னா சரி? என்னா சரிங்கறேன்? இவ்ளோ தூரம் வந்து சரின்னுக்கினு போறதுக்கா வந்தோம்?" பையைக் கவிழ்த்தேன். தையற்காரியின் பையில் எப்போதும் இரண்டு சாமான் இருக்கும், மெஷின் எண்ணெய் பாட்டில், குட்டி ஸ்க்ரூ டிரைவர். அலகு பிடியோடு சேருகிற திருகைப் பார்த்தேன். முடுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கால் சுற்று இளக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து தடவை விரித்து மடக்கினேன். தையல் மெஷினில் பாபின் கேஸ் சிக்கினால் செய்கிற வேலைதான். கறுப்பாக எண்ணெய் கசிந்தது, துடைத்தேன். கண்ணாடி மேல் வைத்தேன்.

அவர் எடுத்தார். கட்டை விரலை வைத்தார். டக்.

மடக்குவதற்கு அவருக்கு வரவில்லை, அந்தத் தகட்டை ஒதுக்கிக்கொண்டே அலகைத் தள்ள இன்னொரு கை வேண்டும். கண்ணாடி மேல் வைத்தார், நான் மடக்கி வைத்தேன். திரும்ப எடுத்தார், டக். வைத்தார், மடக்கினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பாய் டீ சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

பணம் கொடுக்கும்போது ஒரு ஆசை வந்தது. என் வீட்டுக்காரர் பேரம் பேசுவார் என்று காத்திருந்தேன். பத்து ரூபாய்ச் சாமானையே ஏழுக்குக் கேட்கிற மனிதர். வாயைத் திறக்கவில்லை. பாயே பத்து ரூபாய் திருப்பித் தந்தார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டீ குடித்தோமே.

திரும்பும்போது பகல் பன்னிரண்டரை இருக்கும். வெயில். விழுப்புரம் பஸ்ஸில் இடம் இருந்தது. சட்டைப் பையில் கத்தி இருக்கிறதா என்று அவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூட்டேரிப்பட்டு வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னாங்க, நம்ம ஊரு இன்னும் இருக்குது."

"கொய்யாக்கா வண்டி நிக்குது பாரு" என்றார்.

இறங்கினோம். கூட்டேரிப்பட்டு ஒரு நாற்சந்தி ஊர். மயிலத்துக்குத் திரும்புகிறவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். டீக்கடை, டிபன் கடை, பஞ்சர் கடை, ஓடுகிற வண்டிகளின் புழுதி. வண்டிக்காரப் பெண் ஒருத்தி கொய்யாவைக் குவித்து வைத்திருந்தாள், கிலோ அறுபது. அரைக் கிலோ நிறுத்தாள். "அறுத்து மொளகாப்பொடி போட்டுத் தரட்டாக்கா?" என்று கத்தியைத் தூக்கினாள்.

"வேணாம்மா. நான் அறுக்கிறேன்" என்றார் அவர்.

நிழற்குடையின் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கத்தியை எடுத்தார். டக். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கொய்யாவை வைத்து, அலகை மேலே வைத்து அழுத்தினார். கொய்யா உருண்டது. உருண்டு பெஞ்சிலிருந்து விழுந்து புழுதியில் போய் நின்றது. இன்னொன்றை வைத்தார். அதுவும் உருண்டது. இடது கையைத் தூக்கி அதன்மேல் வைத்துப் பார்த்தார், கை நழுவி விழுந்தது.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கொய்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாதமாகக் கத்தி, கத்தி என்று அலைகிறேன். அறுக்கிற பழத்தை யார் பிடிப்பது என்று ஒரு நாள் யோசித்தேனா? கத்திக்கு ஒரு கை போதும், கொய்யாவுக்கு இரண்டு கை வேண்டும். அவர் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டார். இப்போது அந்த வார்த்தை வந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. வந்துவிட்டால் பிறகு போகாது.

நான் ஒரு கொய்யாவை எடுத்துப் பெஞ்சில் வைத்து, இரண்டு பக்கமும் விரலால் பிடித்தேன். "ம், போடுங்க" என்றேன்.

"வெரல்மே..."

"என் வெரலு. நான் பாத்துக்கறேன். போடுங்கன்னா."

மலிவுக் கத்தியை எப்படிச் சோதிப்பது என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன். அட்டையை வெட்டிப் பார்க்காதீர்கள், கயிற்றை அறுத்துப் பார்க்காதீர்கள். உங்கள் விரலை ஓரத்தில் வைத்துக்கொண்டு, எட்டு மாதமாகக் கத்தி பிடிக்காத ஒரு மனிதர் கையில் கொடுங்கள். பூட்டு வழுக்குமா, அலகு ஆடுமா என்று அப்போது தெரியும். அலகு இறங்கியது. கொய்யா இரண்டாகப் பிளந்தது, உள்ளே சிவப்பு. பாதியைத் திருப்பி வைத்தேன், ஒரு துண்டு போட்டார். அதைக் கத்தி முனையில் குத்தி என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் வாங்கித் தின்றேன். நன்றாகப் பழுக்காத கொய்யா, துவர்ப்பு. அவ்வளவு ருசி.

அடுத்த துண்டில் அவருக்கு வேகம் வந்துவிட்டது. என் ஆள்காட்டி விரலில் சுரீர் என்றது. சின்னக் கீறல்தான், ஆனால் ரத்தம் கொய்யாவில் சொட்டியது. கூர்மைக்கு மார்க் போட வேண்டுமென்றால் நூற்றுக்கு நூறு போடலாம். அவர் வெளுத்துப்போய்விட்டார். கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு, "வேணாம்மே. வுட்டுடலாம். நமக்கு இது வேணாம்" என்றார்.

"ஊசி குத்தாத வெரலா இது? முப்பது வருஷமா குத்து வாங்கிக்கினு இருக்குது. மீதியப் போடுங்க." ரத்தம் பட்ட துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, விரலைச் சப்பிக்கொண்டு, மற்ற கையால் பிடித்தேன். அவர் அசையவில்லை. "போடுங்கன்றேன்ல! பஸ்ஸு வந்துரும்!"

போட்டார். மெதுவாக, என் விரலையே பார்த்துக்கொண்டு போட்டார். அதில் ஒன்று அவர் தின்றார்.

தூரத்தில் பஸ் தெரிந்தது. கத்தியை மடக்க வேண்டும். அவர் பெஞ்சைப் பார்த்தார், அது முழுக்கக் கொய்யா விதையும் புழுதியும். கத்தியைத் திருப்பி, பிடியை என் பக்கம் நீட்டினார்.

"கீழ வைங்க" என்றேன்.

"எங்க வைக்கிறது? ரோட்லயா?"

"கையில குடுத்தா சண்டை வரும்."

அவர் என்னைப் பார்த்தார். எட்டு மாதத்தில் அப்படி நேராகப் பார்த்ததில்லை. "வந்தா வரட்டுமே" என்றார்.

வாங்கிக்கொண்டேன். என் கையில் வாங்கி, தகட்டை ஒதுக்கி, மடக்கி, அவர் சட்டைப் பையில் போட்டேன்.

பஸ்ஸில் ஏறினோம். கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் போனேன்.

"நகரு, அங்க நான் குந்தணும்" என்றார்.

"போகும்போது நீங்கதான குடுத்தீங்க?"

"போகும்போது குடுத்தேன். இப்ப கேக்கிறேன். காத்து வேணும் எனக்கு."

நகர்ந்தேன். உட்கார்ந்தவர் என் விரலைப் பார்த்தார். "முப்பது வருஷமா துணி புடிக்கிறவ, ஒரு கொய்யாக்காவைப் புடிக்கத் தெரியல உனக்கு. வெரலை உள்ள மடிச்சிக்கினு புடிக்கணும். நீட்டிக்கினு புடிச்சா கத்தி என்னா பண்ணும்?"

"வெட்டத் தெரியாம வெட்டிட்டு என்னையா சொல்றீங்க?"

"எவ்ளோ குடுத்த அந்தக் கத்திக்கு?"

"பக்கத்துலதான குந்திக்கினு இருந்தீங்க? இருநூத்தி அறுபது."

"இருநூத்தி அறுபதா? எண்ணெய் நீ போட்ட, திருகு நீ இளக்கின, பாதி வேலையை நீ பண்ணிட்டு முழு காசும் குடுத்துட்டு வந்திருக்க. இருநூறுக்குக் கேட்டிருந்தா குடுத்திருப்பாரு. அவரே பத்து ரூபா நீட்டினாரு, அத்தையும் வேணான்ற!"

"நீங்க கேக்கறதுதான? வாயில என்னா கொழுக்கட்டையா?"

"என் வாயைப் பத்தி நீ பேசாத. உங்கண்ணன் கல்யாணத்துல..."

மோர் வந்துவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட் போனது தெரியவில்லை. நடுவில் படிக்கட்டில் தொங்கின ஒருவனையும் உள்ளே வரச்சொல்லி ஒரு அதட்டல் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வந்தபோது நான்தான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. என் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவருக்குக் காட்டாமல், நானும் அவர் தங்கச்சியை இழுத்து இரண்டு வார்த்தை போட்டேன்.

விலை மலிவான கத்தி நல்லதா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று ஆரம்பத்தில் கேட்டேன். நாற்பது ரூபாய்க் கத்தியும் முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க் கத்தியும் இப்போது எங்கள் வீட்டு இழுப்பறையில் ஒன்றாகக் கிடக்கின்றன. விலையைப் பார்த்து வாங்காதீர்கள், கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பூட்டை மட்டும் அழுத்திப் பாருங்கள். மலிவுச் சாமானில் கடைசி வேலையைச் செய்யாமல் அனுப்பிவிடுகிறார்கள், அதை நாம் செய்துகொள்ள வேண்டியதுதான். எங்கள் கத்தியை அவர் விரிக்கிறார், நான் மடக்குகிறேன். ஊர் வழக்கத்தை மீறிக் கையிலிருந்து கைக்குத்தான் கொடுத்துக்கொள்கிறோம்.

அன்று பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த அம்மாவுக்குத் தாங்க முடியவில்லை. திரும்பி உட்கார்ந்து, "என்னாக்கா இது, கூட்டேரிப்பட்டுல ஆரம்பிச்சீங்க, விழுப்புரம் வரப்போவுது. இன்னும் முடியலையா?" என்றாள்.

"எட்டு மாசமா பாக்கி இருக்குதும்மா" என்றேன்.